நாவல் நல்லதுதான்... அதுக்காக சுகர் மாத்திரையை நிறுத்தலாமா?

1/ கொடும்பாளூர் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. வயசு 58. கால் கட்டைவிரல் கறுத்துப் போயிருந்தது. மூணு மாச சராசரி சுகர் (ஹெச்பிஏ1சி) 12-ஐத் தாண்டியிருந்தது. "மாத்திரை போடுறீங்களாம்மா?" "நிறுத்திட்டேன் தம்பி. நாவக்கொட்டைப் பொடிதான். அதுல ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்குன்னு காலேஜ்லயே கண்டுபிடிச்சிருக்காங்களாமே?"

2/ கண்டுபிடிச்சது உண்மைதான் மக்களே. பழத்தைத் தின்னா நாக்கு ஊதாவாகுதுல்ல? அந்த நிறம் ஆந்தோசயனின். கொட்டையில காலிக் அமிலம், எலாஜிக் அமிலம் இருக்கு. எல்லாமே ஆன்டிஆக்ஸிடன்ட்தான்.

3/ சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? டிபிபிஹெச்னு ஒரு ஊதாக் கரைசல். அதுல மரப்பட்டை, இலை, கொட்டைச் சாறை விடுவாங்க. ஊதா வெளுத்து மஞ்சளானா ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்குன்னு அர்த்தம். நம்ம டீ, காபியை ஊத்தினாலும் மஞ்சளாகும்!

4/ கண்ணாடிக் குழாய் வேற, உடம்பு வேற. ஆந்தோசயனின்ல ரத்தத்துல அப்படியே சேர்றது ரொம்பக் கொஞ்சம். மீதியில பெரும்பகுதியைக் குடலும் குடல் பாக்டீரியாவும் சிதைச்சிடும்.

5/ பின்லாந்துல புகைபிடிக்கிற 29,000 ஆண்களை வெச்சு ஒரு ஆய்வு. பீட்டா கரோட்டின் மாத்திரை குடுத்தா நுரையீரல் புற்றுநோய் குறையும்னு நம்பினாங்க. 1994-ல முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு 18% அதிகமா புற்றுநோய். அதே கரோட்டின் கேரட்ல இருந்தா பயமில்லை. "இயற்கை, அதனால எவ்வளவு வேணா சாப்பிடலாம்"னு நினைக்காதீங்க.

6/ நாவலையும் மனுஷங்ககிட்ட சோதிச்சிருக்காங்க. பிரேசில்ல சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு பக்கம் நாவல் இலை டீ, இன்னொரு பக்கம் கிளைபுரைடு மாத்திரை. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு சுகர் குறைஞ்சது. டீ குடிச்சவங்களுக்குக் குறையல.

7/ அப்போ இந்த ஆராய்ச்சியெல்லாம் வீணா? இல்லவே இல்லை. அந்த அம்மா நிறுத்தின மெட்ஃபார்மினுக்கே மூலம் ஒரு செடிதான், ஐரோப்பாவுல வளர்ற கலேகா. அதுல இருக்கிற பொருள் சுகரைக் குறைச்சது, ஆனா விஷத்தன்மை இருந்தது. அதே வகையைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922-ல உருவாக்கினாங்க. நோயாளிக்கு மருந்தா வந்தது 1957-ல. 35 வருஷம்! காட்டு மரத்துல ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிறது முதல் படி. அளவு, பக்கவிளைவு, மனுஷங்ககிட்ட சோதனைன்னு மீதிப் படிகள் இருக்கு. நம்ம வாட்ஸ்அப் முதல் படியிலேயே மருந்துக்கடை திறந்துடுது.

8/ கல்லூரி ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேட்டி குடுக்கும்போது "இது சோதனைக்குழாய் முடிவு, மருந்து இல்லை"ன்னு ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்க. அந்த ஒரு வரி ஒரு காலைக் காப்பாத்தும்.

9/ ஆடி மாசம் நாவப்பழம் வரும். சுகர் இருக்கிறவங்களும் ஒரு கைப்பிடி தாராளமா சாப்பிடலாம். சுட்ட பழமோ சுடாத பழமோ, உங்க இஷ்டம். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க.

10/ அந்த அம்மாவுக்கு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. பாதம் தப்பிச்சது. இப்போ மாத்திரையும் போடுறாங்க, பழமும் சாப்பிடுறாங்க. வீட்ல சுகர் இருக்கிறவங்க கிட்ட இன்னைக்கே ஒரு வார்த்தை கேளுங்க: "மாத்திரை போட்டீங்களா?"