ஆளில்லாத சபைகள்

இலங்கை 1972 மே 22 அன்று குடியரசானபோது நாடாளுமன்றத்திடம் இருந்த ஆட்சியதிகாரத்தை, 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சனாதிபதியிடம் கொண்டு சேர்த்தது. நாட்டுக்கும் அமைச்சரவைக்கும் முப்படைகளுக்கும் அவர் ஒருவரே தலைவர். நாடாளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து விகிதாசார முறையில், அதாவது கட்சிகள் பெறும் வாக்குகளின் பங்கிற்கேற்பத் தேர்வாகிறார்கள். எஞ்சிய 29 பேர் தேசியப் பட்டியல் வழியாக வருகிறார்கள்.

இந்த அமைப்பின் மீது பின்னர் ஏற்றப்பட்ட மாடியே மாகாண சபை. அதன் வரலாற்றில் பெங்களூருக்கும் ஓர் இடமுண்டு. 1986 நவம்பரில் இந்நகரில் கூடிய இரண்டாவது சார்க் மாநாட்டின்போது இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைச் சனாதிபதி ஜெயவர்த்தனேவும் அதிகாரப் பகிர்வு பற்றிப் பேசினார்கள். மறு ஆண்டு ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தமும், நவம்பரில் மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமும் வந்தன. இத்திருத்தம் ஒற்றையாட்சிக்கு, அதாவது எல்லா அதிகாரமும் மையத்திலிருந்தே பிறக்கிறது என்னும் ஏற்பாட்டுக்கு, முரணானதன்று என உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில்தான் தீர்ப்பளித்தது.

கர்நாடகத்து ஆட்சியைப் பார்த்துப் பழகிய பெங்களூர் சிவாஜிநகர் வாசகர் மாகாண சபையை மாநில சட்டமன்றத்துக்கு இணையாகக் கருதினால் ஏமாந்துபோவார். சபை இயற்றும் சட்டத்துக்கு நியதிச் சட்டம் என்று பெயர். ஆனால் நிதி தொடர்பான நியதிச் சட்டத்தை ஆளுநரின் பரிந்துரையின்றிச் சபையில் கொண்டுவர இயலாது. மாகாண அரசு ஊழியரை நியமிப்பதும் இடம்மாற்றுவதும் ஆளுநரின் அதிகாரமே; அந்த ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. காணி, காவல்துறை அதிகாரங்கள் ஏட்டில் எழுதப்பட்டும் கைக்கு வரவில்லை. ஒரு கையால் கொடுத்ததை மறு கை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதே இத்திருத்தத்தின் உண்மையான குறை.

அந்த அரைகுறைச் சபையும் இன்று இயங்கவில்லை என்பது வேதனைக்குரியது. வடக்கு மாகாண சபைக்கு 2013இல்தான் முதல் தேர்தல் நடந்தது. அதன் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. 2019 முடிவதற்குள் ஒன்பது சபைகளும் காலாவதியாயின. 2017இல் தேர்தல் முறை மாற்றப்பட்டது. புதிய தொகுதி எல்லைகளை வகுத்த அறிக்கையை 2018இல் நாடாளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறை நீங்கி, புதிய முறை நிறைவேறாத அந்த இடைவெளியில் ஆளுநர்களே மாகாணங்களை நடத்துகிறார்கள். 2020 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி மாமன்றத்தின் காலம் முடிந்தபின், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவருமின்றி, குடிநீருக்கும் குப்பைக்கும் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளையே நாடிய பெங்களூர்வாசிக்கு யாழ்ப்பாணத்தவரின் நிலை எளிதில் விளங்கும்.

இதைச் சரிசெய்ய அரசியலமைப்பைத் தொட வேண்டியதில்லை. தேர்தல் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும். அதை நிறைவேற்றும் பலமும் அரசிடம் உண்டு: 2024 நவம்பரில் தேர்வான நாடாளுமன்றத்தில் ஆளும் தேசிய மக்கள் சக்தி 159 இடங்களை வென்றது.