கேட்டால் மட்டும் போதுமா?

சோமாலியக் கொடியிலுள்ள நட்சத்திரத்தின் ஐந்து முனைகள், அந்நியர் ஐந்தாகக் கூறுபோட்ட ஒரே மக்களைக் குறிக்கின்றன. மழையைத் தேடி ஒட்டகங்களோடு நடப்போரின் மேய்ச்சல் தரைகளை எல்லைக்கோடுகள் ஊடறுத்தன.

1962இல் பிரித்தானிய ஆணைக்குழு ஒன்று, கென்யாவின் வட எல்லை மாவட்டத்து மக்களிடம் விருப்பம் கேட்டது. சோமாலியாவுடன் சேர்வதையே பெரும்பான்மையோர் வேண்டினர். ஆயினும் 1963இல் அம்மாவட்டம் கென்யாவுடனேயே விடப்பட்டது. ஆயுதக் கிளர்ச்சி மூண்டது.

சொந்த இன அரசும் இதில் தவறியது. 1960இல் விரும்பி இணைந்த வடபகுதியின் ஹர்கெய்சா நகரை, 1988இல் அந்த அரசின் விமானங்களே தகர்த்தன. 1991இல் அப்பகுதி, சோமாலிலாந்து எனத் தனியே பிரிவதாக அறிவித்தது.

நாம் கற்பது ஒன்று: நிலத்தில் வாழ்பவரைக் கேட்பதும், அவர்கள் சொன்னதை மதிப்பதும் சேர்ந்ததே சுயநிர்ணய உரிமை. ஆள்பவர் அந்நியராயினும் உறவினராயினும் அளவுகோல் இதுவே.