பழி வீட்டின் மேல் விழக் கூடாது

ஏழை நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: வீட்டில் படித்தவர் இல்லை, காசும் இல்லை, பிள்ளைக்குப் படிப்பு எங்கிருந்து வரும்? பள்ளி என்ன செய்துவிட முடியும்? பசியும் வறுமையும் படிப்பைக் கெடுக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது தவறு. அந்தத் தீர்ப்பைத் தாங்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"குடும்பமே தீர்மானிக்கிறது என ஆய்வுகள் சொல்கின்றன."
அப்படிச் சொன்ன புகழ்பெற்ற ஆய்வு, 1966இல் ஜேம்ஸ் கோல்மன் குழு அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கை. ஆனால் 1983இல் ஆய்வாளர்கள் ஹெய்ன்மனும் லாக்ஸ்லியும் 29 நாடுகளின் தொடக்கப் பள்ளித் தரவை ஒப்பிட்டார்கள். ஏழை நாடுகளில் குடும்பத்தைவிடப் பள்ளியின் தரமும் ஆசிரியரின் தரமுமே முந்தி நின்றன. 1990களின் தரவில் ஏழை நாடுகளுக்கும் பணக்கார நாடுகளுக்கும் இடையிலான இந்த வேறுபாடு மங்கிவிட்டதைப் பின்வந்தவர்கள் காட்டியது உண்மை. ஆனால் இவையெல்லாம் பள்ளிகள் இருக்கிற நிலையை அளந்தவை. பள்ளி மாறினால் பிள்ளை எவ்வளவு முன்னேறும் என்பதை, மாற்றிப் பார்த்த இடங்களில்தான் தேட வேண்டும்.

"நாடே ஏழையாக இருக்கும்போது முடியாது."
பல நாடுகளின் மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வில், 2012ஆம் ஆண்டு, வியட்நாமின் 15 வயது மாணவர்கள் கணிதத்தில் 511 புள்ளி எடுத்தார்கள். அமெரிக்க மாணவர்கள் 481. வியட்நாமின் தனிநபர் வருமானம் அன்று அமெரிக்காவினுடையதில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை என்பது நியாயமான மறுப்பே. ஆனால் தேர்வு எழுதியவர்களில் பெரும்பாலோரும் அமெரிக்கப் பிள்ளைகளைவிட வறிய வீடுகளிலிருந்து வந்தவர்கள்தானே?

"ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபின் தேற்ற முடியாது."
டெல்லியில் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடனிருந்தவர்களும் நடத்திய ஆய்வில், ஒன்பதாம் வகுப்பு அரசுப் பள்ளி மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக நாலரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். வகுப்பிலோ போர்ஷன் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் வகுப்பு வரையிலான ஆய்வு மாணவர்களில் குலுக்கலில் தேர்வானவர்கள், அவரவர் நிலைக்கு ஏற்ற பாடம் தரும் கணினிப் பயிற்சிக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே வந்தார்கள். நாலரை மாதத்தில், குலுக்கலில் வராதவர்களைவிடக் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறினார்கள். அவர்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை, கற்பித்த விதமும் நேரமும்தான் மாறின.

"எல்லாம் கொடுத்தும் படிப்பதில்லை."
கென்யாவின் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பாடநூல்கள் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களே பயன்பெற்றார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பலருக்கு அது மூன்றாவது மொழி. பிள்ளைக்கு எட்டாத நூலைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் குறை சொல்வது என்ன நியாயம்?

"பெண்ணைப் படிக்கவைக்கப் பெற்றோருக்கு மனமில்லை."
பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் தந்தது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 விழுக்காடு கூடினார்கள். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பெற்றோரின் மனம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு தூரமாக இருந்திருக்கிறது.

எனவே பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை தோற்றால் கேட்க வேண்டியவை இவை: ஆறாம் வகுப்பில் நுழைந்தபோது அந்தப் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு வந்ததா? வரவில்லை எனத் தெரிந்தபின் யார் என்ன செய்தார்கள்? பாடநூல் புரியும் மொழியில் இருந்ததா? பள்ளி போய்வரும் தூரத்தில் இருந்ததா? இந்த நான்குக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அரசும் பள்ளியும். அதைச் சொல்லாதவரை, பெற்றோரின் படிப்பைக் காரணம் காட்ட அவர்களுக்கு உரிமையில்லை.