சந்தூக்கிற்கு முந்திய கடமை

நம் ஊர்களில் ஒருவர் மவுத்தாகிவிட்டார் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தால் போதும். கடைகள் அடைக்கப்படுகின்றன, வெளியூர்களிலிருந்து உறவினர்கள் வந்து குவிகின்றனர், சந்தூக்கிற்குத் தோள் கொடுக்க முண்டியடிக்கின்றோம். போற்றத்தக்க பண்புதான். ஆனால் அதே மனிதர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது, இரவெல்லாம் விழித்திருந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்த மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ தோள் கொடுத்தவர் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களே மிஞ்சும்.

“நோய் விசாரிக்கப் போனோமே!” என்பார்கள். ஆம், போனோம். எப்படிப் போனோம்? கூட்டமாகப் போனோம். நெடுநேரம் உட்கார்ந்தோம். களைத்துப்போன அந்தப் பெண்ணையே தேநீர் போட்டுவர வைத்தோம். “வேலூருக்குக் கொண்டுபோனீர்களா? முன்பே கவனித்திருக்கக் கூடாதா?” என்று குறுக்குக் கேள்விகள் கேட்டோம். இதே நோயில் இன்னார் இத்தனை நாளில் முடிந்துபோனார் என்ற கதையையும் நோயாளியின் காதில் விழும்படி சொல்லிவிட்டு எழுந்தோம். இது நோய் விசாரிப்பா, வழக்கு விசாரணையா?

நோயாளியைச் சென்று காண்பதை, ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செலுத்த வேண்டிய கடமைகளுள் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்தார்கள். ஜனாஸாவைப் பின்தொடர்வதும் அதே வரிசையில்தான் வருகின்றது. ஒன்றை ஊரறியச் செய்கின்றோம். மற்றதை ஒப்புக்குச் செய்கின்றோம்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) பத்ருப் போர் மூண்டது. முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேரே. எதிரிகளோ ஏறத்தாழ மும்மடங்கு. ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட அந்த வேளையில், உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தங்கச் சொன்னார்கள் அண்ணலார் (ஸல்). காரணம் என்ன? உஸ்மானின் மனைவியும் அண்ணலாரின் அருமை மகளுமான ருகையா (ரலி) கடும் நோயுற்றிருந்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும், போரில் கிடைத்த பொருளில் பங்கும் உஸ்மானுக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் காணக்கிடைக்கும் செய்தி இது. ருகையா நாயகி பிழைக்கவில்லை. வெற்றிச் செய்தி மதீனாவை எட்டியபோது அவர்களின் நல்லடக்கம் நடந்துகொண்டிருந்தது என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஆயினும் அந்தப் பணிவிடை வீணென்று கருதப்படவில்லை, கூலியும் குறையவில்லை.

இதில் இரு பாடங்கள் உள்ளன. நோயாளியின் அருகில் விழித்திருப்பவர் சும்மா இருப்பவர் அல்லர். களத்தில் நிற்பவருக்குச் சமமானவர். அடுத்து, அங்கே பணிவிடைக்கு நிறுத்தப்பட்டவர் ஓர் ஆண்மகன்! “அதெல்லாம் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று திண்ணையில் சாய்ந்திருக்கும் நம் ஆண்கள் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

“மருத்துவரே கைவிரித்துவிட்டார், இனிச் செய்வதற்கு என்ன இருக்கிறது?” என்பது அடுத்த வாதம். குணமாக்கும் முயற்சி முடிந்திருக்கலாம். கவனிக்கும் கடமை முடியவில்லை. வலியைத் தணிக்க வேண்டும். படுக்கைப் புண் வராமல் காக்க வேண்டும். தயம்மும் செய்விக்க வேண்டும். கடன்களும் வஸிய்யத்தும் பேசித் தீர்க்கப்பட வேண்டும். வலியைத் தாங்குவதுதான் ஸப்ரு என்று சொல்லி, மருத்துவர் தரும் மருந்தைத் தடுப்போரும் உண்டு. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்ட நபியின் உம்மத்துக்கு இது அழகா?

இந்தப் பணிக்கென்றே லண்டன் நகரில் 1967ஆம் ஆண்டு சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் ஓர் இல்லம் தொடங்கினார். அவ்வளவு தொலைவு போவானேன்? அண்டையிலுள்ள கோழிக்கோட்டில், 1993ஆம் ஆண்டில், அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டி வலிதணிப்புச் சிகிச்சைக்கான சங்கம் ஒன்று தோன்றியது. அவ்வியக்கம், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரம் மாவட்டத்தில் வீடுவீடாகப் பரவியது. அங்கே பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தாரே செவிலியருடன் நோயாளியின் வீட்டுக்குச் செல்கின்றனர். மலையின் மேற்கே இயன்றது கிழக்கே இயலாதா? தமிழ்நாட்டிலும் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இத்தகைய சிகிச்சை வீட்டுக்கே வரும் ஏற்பாடு உண்டு. அதைக் கேட்டுப் பெற்றுத் தரும் பொறுப்பை ஜமாஅத் ஏற்கக் கூடாதா?

பள்ளிவாசலில் சந்தூக்கு வைத்திருக்கின்றோம். அதன் பக்கத்தில் தலைப்பகுதியை உயர்த்தும் கட்டில் ஒன்றும், நீர் மெத்தை ஒன்றும் வைத்தால் என்ன? நாற்பதாம் நாள் விருந்துக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி போதுமே! பணம் இல்லாதவர்கள் ஓர் இரவைத் தரலாம். முறைவைத்து ஓரிருவர் விழித்திருந்தால், அந்த வீட்டுப் பெண் ஓரிரவாவது கண்ணயர்வாள். ஒருவர் கஞ்சி கொண்டுவரலாம். ஒருவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பலாம். கேள்வி கேட்காமல் பாத்திரத்தைக் கழுவிவைத்துவிட்டு வருவதும் நோய் விசாரிப்பே.

மையித்தை அடக்குவது ஃபர்ளு கிஃபாயா: சிலர் நிறைவேற்றினால் ஊர் தப்பிக்கும், எவரும் செய்யாவிடில் ஊரே குற்றவாளி. அதே கணக்கை, இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பவருக்காகவும், அவரருகில் விழித்திருப்பவருக்காகவும் நமக்கு நாமே விதித்துக்கொள்வோம். சந்தூக்கைத் தூக்குவதற்கு முன் அந்த வீட்டுச் சுமையைத் தூக்குவோம்!