மேடைக்கு கிரானைட், வயருக்கு கஞ்சத்தனமா?

கடலூர், சிதம்பரம் பக்கமும் இப்போது பல வீடுகளில், ஓவன் வந்து விட்டது. மேடைக்கு கிரானைட் பார்த்துப் பார்த்து போடுகிறோம். சுவருக்குள் ஓடும் வயரை யாராவது கேட்கிறோமா?

2,000 வாட்ஸ் ஓவன், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதை, 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால், வயர் சூடாகி, உருகி, தீப்பிடிக்கலாம். எம்.சி.பி., அடிக்கடி விழுதேன்னு, பெரிசா மாத்துவது அதைவிட ஆபத்து. அது காப்பாத்துறதே வயரைத்தான்!

ஓவனுக்கென்று தனி லைன், ஐ.எஸ்.ஐ., முத்திரையுள்ள 4 சதுர மி.மீ., தாமிர வயர், 16 ஆம்பியர் பிளக், எர்த் இணைப்பு... இவற்றை எலக்ட்ரீஷியனிடம் நாமே கேட்கணும்.

'பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு' என்பர். அடுப்படியில் நாள் முழுக்க நிற்பது நாம்தானே! என்ன சகோதரிகளே, நான் சொல்றது சரிதானே?

— ஒரு குடும்பத்தலைவி, சிதம்பரம்.