யார் அளவுக்குத் துடுப்பு?

"வளர்கிற பிள்ளைதானே, ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள்" என்று கடையில் சொல்லாத தமிழ்த் தாய் தந்தையர் உண்டா? பள்ளிச் சீருடை, செருப்பு, சைக்கிள் எல்லாமே நம் வீடுகளில் அப்படித்தான் வாங்கப்பட்டன. ஊர் விட்டு ஊர் வந்து ஒற்றைச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு அது சிக்கனம். அதில் குறை காண்பதற்கில்லை. காற்சட்டையின் நுனியை மடித்துத் தைக்கலாம். செருப்புக்குள் பஞ்சு வைக்கலாம். ஆனால் மடிக்கவும் பஞ்சு வைக்கவும் இடம் தராத பொருள்கள் சில உண்டு. அவற்றில் ஒன்று ஓடம் வலிக்கும் துடுப்பு.

ரயில்வேயில் தண்டவாளம் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கும் துடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் மகன் ஹவாய்த் தீவுகளில் ஹோனலூலு நகரில் வேலை பார்க்கிறான். நானும் என் மனைவியும் சென்ற ஆண்டு ஐந்து மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தோம். நம் சங்க உறுப்பினர்களில் பலர் இப்படிப் பிள்ளைகளைப் பார்க்கக் கடல் கடந்து போய் வருகிறவர்கள். ஆகவே அங்கே கண்டதையும் அதன்மேல் எனக்குத் தோன்றியதையும் எழுதுகிறேன்.

அந்த ஊர் ஓடம் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரும்படி 40 அடிக்கு மேல் நீண்டது; அகலமோ ஓர் ஆள் உட்காரத்தான் போதும். தனியாக விட்டால் உருண்டுவிடும். அதனால் இடப்பக்கம் சற்றுத் தள்ளி ஒரு மிதவையை, வளைந்த இரண்டு குறுக்குக் கழிகளால் பிணைத்திருக்கிறார்கள். மிதவைக்கு அவர்கள் மொழியில் 'ஆமா' என்று பெயர். (என் மனைவிக்கு ஹவாய் மொழியில் நினைவில் நின்றது இந்த ஒரு சொல்தான்.) இலங்கை மீனவர்களின் 'ஒருவ' என்னும் ஓடத்திலும், நம் நாட்டு நிக்கோபார் தீவினரின் ஓடத்திலும் இதே போன்ற பக்க மிதவை உண்டு. நம் கட்டுமரம் வேறு வகை. அது கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. ஆங்கிலேயர் அந்தச் சொல்லை எடுத்துப்போய் இரட்டை உடல் படகுக்கு வைத்துவிட்டதால், "கேட்டமரான் உங்கள் ஊருடையதுதானே?" என்று அங்கே என்னைக் கேட்டவர்கள் பலர். சொல் எங்களுடையது, படகு எங்களுடையதல்ல என்று விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

1986-இல் இந்த ஓடப்போட்டியை ஹவாய் அரசு தன் மாநிலக் குழு விளையாட்டாக அறிவித்தது. கோடையில் கடற்கரைக்குப் போனால் பாட்டி முதல் பேத்தி வரை குடும்பமே துடுப்பும் கையுமாக நிற்கும். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் அந்த ஊரோடு ஒட்டிக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. என் மருமகள் அதைப் புரிந்துகொண்டு நான்கு வருஷத்துக்கு முன்பே அங்குள்ள ஒரு கிளப்பில் சேர்ந்தாள். பிறகுதான் மகனும் பேரனும் சேர்ந்தார்கள்.

தமிழில் எல்லாவற்றையும் துடுப்பு என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் படகின் விளிம்பில் கொக்கியில் மாட்டி வலிக்கும் துடுப்பு ஒன்று. எதிலும் மாட்டாமல் இரண்டு கையாலும் பிடித்து வலிப்பது வேறொன்று. முதலாவதில் நெம்புகோலுக்குத் தாங்குபுள்ளி படகிலேயே இருக்கிறது. இரண்டாவதில் தாங்குபுள்ளி மனிதனுடைய உடம்பு. மேல் கை தள்ளுகிறது, கீழ்க் கை இழுக்கிறது, நடுவில் தோள்பட்டை எல்லாச் சுமையையும் வாங்கிக்கொள்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் நீளம் ஏன் முதல் விஷயம், விலை ஏன் கடைசி விஷயம் என்பது விளங்கும்.

நீளத்தை அளக்கும் முறை எளிது. நின்றுகொண்டு அளக்கக் கூடாது. ஓடத்தில் யாரும் நிற்பதில்லை. கெட்டியான பலகையில் நிமிர்ந்து உட்கார வேண்டும். பலகையிலிருந்து மூக்கு வரை எத்தனை அங்குலம் என்று பார்த்து, துடுப்பின் தட்டையான அலகின் நீளத்தை, அதாவது 18 முதல் 20 அங்குலத்தை, அதோடு கூட்ட வேண்டும். சிலர் முகவாய் வரை அளப்பார்கள், சிலர் கண் வரை. அந்த வித்தியாசத்தைத் தண்ணீரில் இறங்கித்தான் தீர்க்க வேண்டும். அலகு முழுவதும் தண்ணீருக்குள் நேராக நிற்கும்போது மேல் கை முகத்துக்கு எதிரே இருந்தால் சரி. கை தலைக்கு மேலே போனால் துடுப்பு நீளம். அலகை அமிழ்த்த முதுகு குனிய வேண்டியிருந்தால் குட்டை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 48 முதல் 52 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். அங்கே ஒரு அங்குலம் என்பது பெரிய வித்தியாசம்.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. பேரனுக்கு 12 வயது. கணக்குப்படி அவனுக்கு வேண்டியது 43 அங்குலம். கடையில் அவனுக்கு வாங்கியிருந்தது 49 அங்குலம், அதுவும் முழுக்கக் கரியிழையில் செய்தது, 380 டாலர். "வளர்ற பையன், மூணு வருஷத்துக்குக் கவலையில்லை" என்றான் மகன். விற்றவரும் தலையாட்டியிருக்கிறார். பையன் துடுப்பை ஓடத்துக்கு அருகில் செங்குத்தாக இறக்க முடியாமல், துடைப்பத்தால் பெருக்குவது போல வெளியே வீசி வலித்துக்கொண்டிருந்தான். பெருக்கினால் ஓடம் முன்னே போகாது, பக்கவாட்டில் திரும்பும். அவன் மூன்று வருஷத்தில் அந்தத் துடுப்புக்கு வளர்ந்துவிடுவான் என்பது உண்மைதான். அதற்குள் அந்தத் தவறான வீச்சும் அவனோடு சேர்ந்து வளர்ந்துவிடுமே!

எடை குறைவு என்பதற்காகத்தானே அந்தப் பணம்? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரத் துடுப்பு 500, 600 கிராம் இருக்கும். கரியிழைத் துடுப்பு 300, 350 கிராம். இருநூறு கிராம் வித்தியாசம் என்று கொள்வோம். மொலோகாய் தீவிலிருந்து ஓவாஹு தீவுக்கு, 1952 முதல், நடுக்கடலில் சுமார் 66 கிலோமீட்டர் போட்டி ஒன்று நடக்கிறது. ஐந்து மணி நேரம், நிமிஷத்துக்கு 60 வலிப்பு என்று வைத்தால் 18,000 வலிப்பு. இருநூறு கிராம் மிச்சமென்றால் மொத்தம் 3,600 கிலோ தூக்காமல் தப்பிக்கலாம். (நடுவழியில் ஆள் மாற்றுவார்கள், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.) அங்கே கரியிழைக்குக் கொடுக்கும் காசு வீணல்ல. ஆனால் என் பேரன் வலிப்பது கால் மைல் போட்டி. இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். அவன் மிச்சம் பிடிப்பது முப்பது நாற்பது கிலோ. பள்ளிக்கூடப் பையை நாலைந்து தடவை தூக்கி வைப்பதற்குச் சமம். இதற்கா 380 டாலர்?

"சக பையன்களெல்லாம் அதுதான் வைத்திருக்கிறார்கள், இவன் மட்டும் குறைந்துபோக வேண்டுமா?" என்றான் மகன். வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தப் பயம் எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியாததல்ல. மராட்டியப் பிள்ளைகளுக்கு நடுவே அவனை வளர்த்த நாளில் எங்களுக்கும் இருந்தது. ஆனாலும் வளர்கிற பிள்ளைக்குத் துடுப்பே வாங்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கிளப்பில் பொதுத் துடுப்புகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அளவானதாக எடுத்து வலித்துவிட்டு வைத்துவிடலாம். வாங்கியே ஆக வேண்டுமென்றால் யாரோ ஒரு பையன் வளர்ந்து கழித்த மரத் துடுப்பைப் பாதி விலையில் வாங்கலாம்.

இதைவிட என்னை உறுத்தியது மருமகளின் துடுப்பு. ஓடத்துக்கு முதலில் போனவள் அவள்தான். வாரத்தில் மூன்று நாள் தவறாமல் போகிறவளும் அவள்தான். அவள் கையில் இருந்ததோ மகன் புதியது வாங்கிக்கொண்டு ஒதுக்கிய பழைய துடுப்பு, 51 அங்குலம். அவள் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். பலகையில் உட்காரவைத்து அளந்தேன்: மூக்கு வரை 28, அலகு 19, ஆக 47. நாலு அங்குலம் கூடுதலான துடுப்பை நாலு வருஷமாக ஒரு தடவைக்கு ஒரு தடவை தலைக்கு மேல் தூக்கி இறக்கியிருக்கிறாள். இரவில் வலது தோளில் தைலம் தேய்த்துக்கொள்வாள். கேட்டால், "வயசாகுதில்ல மாமா" என்பாள். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

பையனுக்கு வாங்கியது மூன்று வருஷம் கழித்து வரப்போகிறவனுக்கான துடுப்பு. மருமகள் கையில் இருந்தது புருஷனுடைய துடுப்பு. இன்றைக்கு ஓடத்தில் உட்காரும் ஆளுக்கென்று அந்த வீட்டில் வாங்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான், அது குடும்பத் தலைவருடையது. நான் இதைச் சொன்னபோது மகன் முகம் சுருங்கியது. மருமகள், "பரவாயில்லை, இதுவே போதும் மாமா" என்றாள். நம் வீட்டுப் பெண்களின் இந்தப் 'போதும்' எத்தனை தோள்களைக் கெடுத்திருக்கிறதோ!

கருவியை ஆளுக்குத் தக்கபடி மாற்றுவது எங்கள் லைனில் புதிதல்ல. ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இடித்து நிரப்பும் பீட்டரும் சாவி அடிக்கும் சுத்தியலும் வருவது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். புசாவல் பக்கம் என் கேங்கில் இருந்த ஒரு மேட், புது ஆள் வந்தால் முதலில் அவனைச் சுத்தியலோடு நாலு அடி அடிக்கச் சொல்லிப் பார்ப்பார். பிறகு ஒன்றும் பேசாமல் பிடியைக் கழற்றி, அரை சாண் அறுத்து, திரும்ப மாட்டிக் கொடுப்பார். படிக்காத மனிதர். டிப்ளமா வாங்கிய எனக்கு அந்தப் பாடம் அவர்தான் எடுத்தார்.

துடுப்பையும் அறுக்கலாம். பல துடுப்புகளில் மேல் கைப்பிடியைச் சூட்டில் இளகும் பசையால்தான் ஒட்டியிருக்கிறார்கள். வெந்நீர் அல்லது சூடான காற்று காட்டிக் கழற்றி, காம்பை வேண்டிய அளவு அறுத்து மறுபடி ஒட்டலாம். அறுத்ததை நீட்ட முடியாது, ஆகையால் அளவில் அவசரம் கூடாது. பேரனுடையதை நாங்கள் அறுக்கவில்லை. நல்ல விலைக்கு விற்றுவிட்டு அவனைக் கிளப் துடுப்புக்கு அனுப்பினோம். அந்தப் பணத்தில் மருமகளுக்கு 47 அங்குலத்தில் வாங்கினோம்; காம்பு மரம், அலகு கரியிழை. மரக்காம்பு கொஞ்சம் வளைந்து கொடுத்து அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்கிறது. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இந்தக் கலப்பு வகைதான் ஏற்றது என்பது என் கருத்து.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அலகு பெரிதானால் சைக்கிளில் கனத்த கியர் போட்டது போல. பலசாலிக்குச் சரி, மற்றவர்கள் சிறிய அலகோடு வேகமாக வலிப்பதே நல்லது. காம்புக்கும் அலகுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு டிகிரி வளைவு இருக்கும். வலிப்பின் பின்பாதியில் அலகு தண்ணீரை மேலே அள்ளாமல் பின்னால் தள்ளுவதற்காக அது. கடைசி இருக்கையில் சுக்கான் பிடிப்பவருக்கு மட்டும் நேரான, கெட்டியான துடுப்பு வேண்டும். ஹவாயின் புகழ்பெற்ற கோவா மரத்தில் இழைத்துப் பளபளக்கும் துடுப்புகளையும் விற்கிறார்கள். நம் வேல மரத்தின் உறவு அது. மிக அழகு, கனமும் அதிகம். சுவரில் மாட்டுவதற்கு வாங்கலாம்.

பழையது வாங்குபவர்கள் தண்டவாளம் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு காம்பின் நுனியிலிருந்து அலகு வரை பாருங்கள். அலகு முறுக்கியிருந்தால் அப்போதே தெரியும். அலகும் காம்பும் சேரும் கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் பேரமே பேச வேண்டாம். வாங்கிய பின் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி நிழலில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டுவிட்டுப் போனால் அந்தப் பசை இளகி, அடுத்த தடவை கைப்பிடி தனியாகக் கையோடு வந்துவிடும்.