இல்லற இன்பமும் லேகிய வணிகமும்

பெண்ணின் உள்ளத்தில் எழும் விருப்பத்தைப் புட்டியில் அடைத்து விலைக்கு விற்க முடியும் என்று ஒரு கூட்டம் சொல்லி வருகிறது. அதை நம்பி வாங்குவோரும் பெருகி வருகின்றனர். தென்பெண்ணைக் கரையில், மணலூர்பேட்டையில், தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திரள்வது போன்ற கூட்டங்களைத் தேடி அலைந்த லேகியக்காரன், இன்று கைப்பேசித் திரை வழியே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டான். அன்று ஆண்களை நோக்கிக் கூவினான். இன்று பெண்களையும் குறிவைக்கிறான். மாவட்டத்தின் மேற்கில் கல்வராயன் மலை நிமிர்ந்து நிற்பதாலோ என்னவோ, ‘மலை மூலிகை’ என்று சொன்னாலே நாம் மறுபேச்சின்றித் தலையாட்டிவிடுகிறோம்.

இத்தகைய பொருளை ஏட்டில் எழுதலாமா என்று முகம் சுளிப்போருக்கு முதலில் ஒரு சொல். உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள், கனவில் பெண்ணுக்கும் வேட்கை நிகழ்ந்தால் குளிப்பு கடமையாகுமா என்று பெருமானார் (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். பெருமானார் சினக்கவில்லை, தெளிவான விடை தந்தார்கள். பெண்ணுக்கு வேட்கை உண்டு என்பதும், அதைப் பற்றி அவள் வாய் திறந்து கேட்கலாம் என்பதும் அந்த ஒரு நிகழ்ச்சியிலேயே உறுதியாகிவிட்டன. நாம் வாயை மூடிக்கொண்டதால்தான் லேகியக்காரன் வாயைத் திறந்தான்.

அவன் காட்டும் சரக்குகள் யாவை? தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா, வெந்தயம், முருங்கை, குங்குமப்பூ, பேரீச்சை. இவை நல்ல பொருள்களே. ஆனால் நம் பாட்டிமார் இவற்றை எதற்காகக் கொடுத்தனர்? பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் இடுப்பு வலுப்பெறவே தரப்பட்டன. பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயமும் தண்ணீர்விட்டான் கிழங்கும் பால் சுரக்கவே தரப்பட்டன. முருங்கைக் கீரை இரத்தம் ஊறுவதற்கு. அவளைத் தேற்ற வேண்டும் என்ற பரிவே அங்கே மருந்தாக இருந்தது. நீர் நிறைந்த கிழங்கு என்பதால் ‘தண்ணீர்விட்டான்’ என்று தமிழன் எளிமையாகப் பெயரிட்டான். வணிகனோ, ‘சதாவரி’ என்ற வடமொழிப் பெயருக்கு ‘நூறு கணவரை உடையவள்’ என்று பொருள் சொல்லிக் கண்சிமிட்டுகிறான். பால் சுரக்கத் தந்த கிழங்கு அவன் கையில் படுக்கையறைச் சரக்காகிவிட்டது.

பழைய மருத்துவ நூல்களைத் துணைக்கு அழைக்கிறார்களே, அவற்றைத் திறந்து பார்த்தார்களா? ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளில் ஒன்று வாஜீகரணம். ‘வாஜி’ என்றால் குதிரை. ஆடவனைக் குதிரையின் வலிமை பெறச் செய்வது என்பதே அப்பெயரின் கருத்து. நம் யூனானி ஹகீம்கள் ‘பாஹ்’ என்று குறிப்பிடும் துறையும், இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ முதலிய நூல்களில், பெரும்பாலும் ஆடவனை முன்னிறுத்தியே பேசுகிறது. ஆணுக்கு எழுதிய சீட்டைப் பெண்ணின் கையில் திணித்துவிட்டு, ‘ஆயிரமாண்டு மரபு’ என்று பறைசாற்றுவது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அறிவியல் என்ன சொல்கிறது என்பதையும் மறைக்காமல் கூறுவோம். 2015-இல் வெளிவந்த ஆய்வொன்றில் 80 பெண்கள் பங்குகொண்டனர்; வெந்தயச் சாற்றுச் சத்தை நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் உட்கொண்டவர்களுக்கு விருப்பம் கூடியதாகப் பதிவாயிற்று. அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வில் 50 பெண்களுக்கு 8 வாரம் அமுக்கராச் சத்தை வைத்துச் சோதித்து, ஓரளவு நற்பயன் கண்டதாக எழுதினர். ஒதுக்கித் தள்ள வேண்டிய செய்திகளல்ல இவை. ஆயினும் சில பத்துப் பேரை வைத்துச் சில வாரம் செய்த சோதனை ஊருக்கெல்லாம் சட்டமாகிவிடாது. அங்கே சோதித்தது அளவறிந்து வடித்த சத்து. தெருவில் விற்கும் பொடியில் என்ன இருக்கிறதென்று யார் அறிவார்?

இவற்றினும் சிந்திக்கத்தக்க ஆய்வொன்று 2011-இல் வந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை 12 வாரம் உட்கொண்ட 50 பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடைந்தனர். மாத்திரையில் ஒன்றுமில்லை. ஆனால் மருத்துவரிடம் அவர்கள் மனம் திறந்து பேசினர். கணவரோடு உள்ள உறவில் கவனம் வைத்தனர். பேச்சும் கவனமும் சேர்ந்து செய்த வேலை அது என்று கருத இடமிருக்கிறது.

இனித் தீங்கைப் பார்ப்போம். இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருக்கக் கண்டனர். அமுக்கராவைக் கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும். தைராய்டு, ஈரல் நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. டென்மார்க் நாடு 2023-இல் அதைத் தடையே செய்தது. சிற்றின்ப ஆற்றலைப் பெருக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. ஆயினும் விளம்பரம் நிற்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் வாங்கி விழுங்குவதன் விலையை இம்மண்ணை விட நன்கு அறிந்த மண் ஏது?

இத்தனைக்கும் மூல காரணத்தை யாரும் தொடுவதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். விடியுமுன் எழுந்து, எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்டு, நள்ளிரவில் தலைசாய்க்கும் ஒருத்தியிடம் போய், “உனக்கு விருப்பம் குறைந்துவிட்டது, இந்த லேகியத்தைத் தின்” என்று சொல்வது என்ன நீதி? சர்க்கரை நோய், தைராய்டுக் குறை, மனச்சோர்வு, அம்மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகள், பேற்றுக்குப்பின் தாய்ப்பாலூட்டும் காலம், மாதவிடாய் நின்றபின் உண்டாகும் வறட்சியும் வலியும் ஆகிய அனைத்துமே வேட்கையைக் குறைக்க வல்லவை. இவற்றுக்கு மருத்துவம் உண்டு. அதை மருத்துவமனையில்தான் தேட வேண்டும்.

கணவன்மார்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். வளைகுடாவில் ஈராண்டு உழைத்து, ஒரு மாத விடுப்பில் வந்து நிற்கும் நீங்கள், அந்த ஈராண்டு அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டதுண்டா? கணவனைப் பிரிந்து பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்து, படைவீரர் வீடு திரும்பும் காலத்தை மாதக் கணக்கில் வரையறுத்தார்கள் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் என்று வரலாறு கூறுகிறது. ஆட்சியாளரே கேட்டறிய வேண்டிய செய்தியாக அது அன்று இருந்தது.

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் தோழர் அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்றபோது, அவருடைய மனைவியார் அலங்காரமின்றி இருக்கக் கண்டு காரணம் வினவினார்கள். தம் கணவருக்கு இவ்வுலகில் நாட்டமில்லை என்று அவ்வம்மையார் விடையிறுத்தார்கள். ஸல்மான் அவர்கள் அப்பெண்ணுக்கு எந்த வேரையும் கிழங்கையும் பரிந்துரைக்கவில்லை. கணவரிடம் சென்று, நோன்பை விடுத்து உண்ணச் செய்து, இரவில் உறங்கச் செய்து, மனைவிக்கும் அவர்மேல் உரிமை உண்டென்று எடுத்துரைத்தார்கள். பெருமானாரும் அதைச் சரியென்றே ஏற்றார்கள். நோய்க்குறி மனைவியிடம் தெரிந்தது. மருந்து கணவருக்குத் தரப்பட்டது. இதைவிட நேர்மையான மருத்துவம் வேறுண்டோ?

முருங்கைக் கீரையை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வெந்தயக்களி கிண்டுங்கள், பேரீச்சை வாங்கி வாருங்கள், ஆனால் அவள் உடல் தேறுவதற்காக வாங்கி வாருங்கள், அவளுக்கு முன்னே தட்டை வைத்து அவளை முதலில் உண்ணச் செய்யுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் பாலில் பொடி கலந்து கொடுப்பதை மாமியார் செய்தாலும் கணவன் செய்தாலும் அது வஞ்சனையே. அவளுடைய உடலுக்குள் செல்வதை அவள் அறிய வேண்டும். வேண்டாமென்று மறுக்கும் உரிமையும் அவளுக்கு வேண்டும். விருப்பம் குறைந்ததேன் என்று அவளிடமே அமர்ந்து கேளுங்கள். அவள் சொல்லும் காரணங்களுள் பலவற்றைத் தீர்ப்பது உங்கள் கையிலேயே இருக்கும்.